வலது பக்கமே போகும் பந்து

பாஸ்கெட்பால் எறியும்போது முழங்கை ரிங்கைப் பார்க்க வேண்டுமாம். முழங்கைக்குக் கண் எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் வாய் வருகிறது, ஆனால் கேட்டால் மார்க் போய்விடும், அதனால் மூன்று நாளாக வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். முட்டி மடங்கணும், முழங்கை பார்க்கணும், மணிக்கட்டு விழணும், இடது கை பந்தைத் தாங்கணும், தள்ளக் கூடாது. எங்களைச் சோதிக்கிற பெண் கிளிப்பிள்ளை மாதிரி இதையே சொல்கிறாள். நான் முதன்முதலில் பந்தைத் தொட்டபோது இவளுடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமே ஆகியிருக்காது. எனக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்துநான்கு வருஷமாகப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். என்னை வரிசையில் நிறுத்தி, கையில் ஒரு பந்தைக் கொடுத்து, எறியத் தெரியுமா என்று பார்க்கிறார்கள். எனக்கு முன்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். பத்தரை மணி வெயிலில் சிமெண்டுத் தரை ஷூவுக்கு உள்ளே சுடுகிறது. காலேஜ் கோர்ட் என்று பெயர்தான் பெரிது, ஒரு மரம் கிடையாது. எனக்கு நேர் முன்னால் நிற்கிற மரியதாஸ் சார் தொப்பையைத் தடவிக்கொண்டே திரும்பி, "என்ன டீச்சர், நீங்க கண்ண மூடிட்டுப் போட்டுருவீங்க, எங்க பாடுதான் திண்டாட்டம்" என்கிறார். பல்லைக் காட்டினேன். அவர் கேலி செய்கிறாரா உண்மையாகச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. இந்த மூன்று நாளில் எனக்கு எல்லாரும் கேலி செய்கிற மாதிரியே இருக்கிறது.

விதி போட்டவன் யாரோ. இந்தப் பயிற்சி முகாமில் பாஸ் ஆனவர்கள்தான் இனிமேல் மண்டலப் போட்டியில் கோச்சாகப் பெஞ்சில் உட்காரலாம் என்று பாஸ்கெட்பால் கழகத்தில் முடிவு பண்ணிவிட்டார்களாம். ஜூலையில் போட்டி. நான் தேறவில்லை என்றால் என் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் வேறு யாருடனோ பஸ் ஏறிப் போவார்கள், நான் கேலரியில் உட்கார்ந்து கடலை தின்னலாம். ஹெச்.எம். ஏற்கெனவே சொல்லிவிட்டார், "உங்களுக்கும் வயசாச்சு தனபாக்கியம், கொஞ்சம் ரெஸ்ட் எடுத்தா என்ன?" எனக்கு அந்தப் பெஞ்சைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அதில் உட்கார்ந்து கத்துவதற்காகத்தான் மற்ற நாளெல்லாம் அசெம்பிளியில் அட்டென்ஷன் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டால் நான் வெறும் விசில். அந்தப் பெஞ்சை எனக்குத் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறவள் யார் என்றால், அதோ, ரிங்குக்கு அடியில் அட்டையும் பேனாவுமாக, தலையில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறாளே, பேச்சியம்மாள். எல்லாரும் கோச் மேடம் என்கிறார்கள். எனக்கு அது நாக்கில் வரவில்லை. என் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவள். அவள் கையில் முதல் பந்தைக் கொடுத்தவள் நான். பத்தாம் வகுப்போடு டி.சி. வாங்கிக்கொண்டு போய், எங்கேயோ விளையாட்டு விடுதியில் சேர்ந்து, யூனிவர்சிட்டிக்கு ஆடி, ஏதேதோ பரீட்சை எழுதி, இப்போது என்னைச் சோதிக்க வந்திருக்கிறாள். நான் அவளை ஒரு தடவை அறைந்திருக்கிறேன். ஒரே ஒரு அறை. பி.டி. டீச்சர் யார்தான் அறையவில்லை? மரியதாஸ் சார் பிரம்பே வைத்திருக்கிறார்.

முதல் நாள் காலையிலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டாள். ஓடி வந்து, "டீச்சர், நல்லா இருக்கீங்களா? முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். முட்டி வலி எனக்கு அப்போதே உண்டு, அதை ஞாபகம் வைத்திருக்கிறாள். முட்டி வலியை ஞாபகம் வைத்திருப்பவள் மற்றதை மறந்திருப்பாளா? அன்றிலிருந்து காத்திருக்கிறேன். எப்போது சொல்வாள்? முப்பத்தொரு பேர் முன்னால், அதில் என்னைச் சேர்த்து நான்கே பேர் பெண்கள், எப்போது வாயைத் திறந்து, இந்த டீச்சர் என்னைக் கன்னத்தில் அறைந்தார் என்று சொல்வாள்? சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்து தருகிறாள். நிழலில் நாற்காலி போடச் சொல்கிறாள். டீச்சர், டீச்சர் என்று வாய்க்கு வாய். இந்த மரியாதைதான் எனக்கு எரிச்சல். திட்டுகிறவளைத் திருப்பித் திட்டலாம், மரியாதை கொடுக்கிறவளை என்ன செய்வது? நேற்று சாப்பாட்டு நேரத்தில் என் இலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கூட்டு நல்லாயிருக்கா டீச்சர் என்று கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இவள் நல்லவளாக நடிக்கிறாள் என்றே வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

முதல் ஆள் போய்விட்டார். பத்தில் ஏழு விழுந்தது, பேச்சி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏதோ எழுதினாள். விழுவது கணக்கே இல்லையாம். எறிகிற முறைக்குத்தான் மார்க். விழாத பந்துக்கு மார்க் போடுகிற காலம் வந்துவிட்டது. நான் படித்த காலத்தில் பந்து உள்ளே போனால் நல்ல ஷாட், வெளியே போனால் மோசமான ஷாட், அவ்வளவுதான். எங்களுக்கு யார் முழங்கையைக் காட்டினார்கள்? பையன்கள் பள்ளிக்கூடத்தில் தேய்ந்துபோன ஏழாம் நம்பர் பந்தை எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஆண்கள் ஆடுகிற பந்து. பெண்களுக்கு ஆறாம் நம்பர் என்று ஒன்று உண்டு என்பதே எனக்குக் காலேஜுக்குப் போய்த்தான் தெரியும். பன்னிரண்டு வயதில், தினமும் ரேஷன் அரிசிச் சோறு தின்கிற கையில், அந்தப் பந்து பூசணிக்காய் கனம் கனத்தது. ஒரு கையால் எறிந்தால் ரிங்குக்குக் கீழேயே விழும். அதனால் இடது கட்டைவிரலையும் கொடுத்து நெம்பித் தள்ளினேன். போய்ச் சேர்ந்தது, ஆனால் வலது பக்கம் கொஞ்சம் விலகிப் போனது. அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வலது பக்கம் போகிறதா, சரி, நீ ரிங்கின் இடது ஓரத்தைப் பார்த்து எறி. இடது ஓரத்தைப் பார்த்தால் நடுவில் விழும். விழுந்தது. அந்த வழியை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, என் சொந்தப் புத்தி, அதில் எனக்கு எவ்வளவு பெருமை. அதன்பிறகு என்னிடம் படித்த அத்தனை பிள்ளைகளுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவேன், இடது ஓரத்தைப் பார். எங்கள் பள்ளி ரிங்கில் இடது ஓரத்தில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டே வைத்திருக்கிறேன்.

இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். எறிந்து முடித்ததும் மேசைக்குப் போகிறார்கள். அங்கே ஒரு படிவம். உங்களிடம் படித்த ஒரு பிள்ளையின் குறை, அதற்கு நீங்கள் செய்தது, அதற்குக் காரணம் என்று மூன்று கட்டம். வாயால் சொல்ல வேண்டும், பேச்சி எழுதிக்கொள்வாள், நாம் கையெழுத்துப் போட வேண்டும், அது கழகத்துக்குப் போகும். என்னிடம் ஒரு பிள்ளை தயாராக இருக்கிறாள், சண்முகப்பிரியா, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிற டிரிபிளிங்கில் தரையைப் பார்ப்பாள், பார்க்காமல் ஆடப் பழக்கினேன், சரியாகிவிட்டது. நேற்று ராத்திரியே மனப்பாடம் பண்ணிவிட்டேன். நல்ல பிள்ளை, நல்ல குறை, யாருக்கும் காயமில்லை. பேச்சி அதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பாளா? சிரிக்கட்டும். அவளுடைய குறை என்னவென்று எனக்குத் தெரியாதா? அருப்புக்கோட்டை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். மண்டல ஃபைனல். ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம், மூன்று செகண்டு பாக்கி, பேச்சிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் குறுக்கே வந்து மறிக்க முடியாது. கோட்டில் போய் நின்றாள். பெஞ்சிலிருந்து கத்தினேன், "ஏட்டி, இடது ஓரத்தப் பாரு! இடது ஓரம்!" திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு ரிங்கைப் பார்த்தாள். அவள் கண் எங்கே போனது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. நடுவைப் பார்த்தாள். நான் அவ்வளவு சொல்லியும் நடுவைப் பார்த்தாள். பந்து வலது பக்கம் பட்டுத் தெறித்தது. இரண்டாவதும் அப்படியே, அதே இடத்தில். கூட்டம் ஹோவென்று கத்தியது, எங்களுக்காக இல்லை. அவள் நடந்து என்னிடம் வந்தாள், நான் அறைந்தேன். சொன்னதைக் கேட்காததற்காகத்தான் அறைந்தேன். தோற்றதற்காக இல்லை. இல்லை, தோற்றதற்காகவும்தான். அந்தக் கோப்பைக்காக நான் ஒன்பது வருஷம் காத்திருந்தேன். அடுத்த வாரம் அவள் அப்பா வந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஆபீஸ் ரூமில் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்.

மரியதாஸ் சாரைப் பேச்சி ஒரு நாற்காலியில் உட்காரவைத்து எறியச் சொல்கிறாள். காலை உதைத்துத் தள்ளுகிறாராம், அதனால் கையே வேலை செய்யவில்லையாம். உட்கார்ந்த இடத்திலிருந்து எறிந்தால் கை தானாகப் பழகுமாம். எல்லாரும் சிரிக்கிறார்கள், அவரும் சிரிக்கிறார். வெட்கம் கெட்ட மனுஷன். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னால் என்ன செய்வேன்? பந்தைத் தரையில் போட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுவேன். நடந்துவிடுவேனா? என் பிள்ளைகள் ஞாபகம் வருகிறது, காலையில் ஆறு மணிக்கு வந்து சிவப்புப் பொட்டைப் பார்த்து எறிந்துகொண்டிருப்பார்கள். உட்காரத்தான் செய்வேன். "தனபாக்கியம் டீச்சர்" என்று கூப்பிடுகிறாள். முப்பத்தொரு பேரில் என் பெயரை மட்டும் மெல்லக் கூப்பிடுகிறாள், காய்ச்சல்காரியைக் கூப்பிடுகிற மாதிரி.

கோட்டில் நின்றேன். முட்டி மடக்கினேன், வலித்தது. முழங்கை பார்க்கிறதா, பார்க்கட்டும். இடது ஓரத்தைப் பார்த்து எறிந்தேன். உள்ளே விழுந்தது. அப்பாடா. இரண்டாவதும் விழுந்தது. பின்னால் மரியதாஸ் சார் கை தட்டினார். பேச்சி அட்டையில் எழுதவே இல்லை. என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வலது பக்கம் பட்டு வெளியே போனது, நான்காவதும். அவள் விசிலை ஊதவில்லை, அட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் நடந்து வந்தாள். வா, இப்போது சொல்லு, சொல்லி முடித்துவிடு என்று நினைத்தேன். "டீச்சர், ஒரு நிமிசம், கையக் காட்டுங்க" என்றாள். வலது கையை நீட்டினேன். "இடது கை டீச்சர்." பாக்கெட்டிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்து, என் கட்டைவிரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துச் சுற்றினாள். மூன்று சுற்று. பல்லால் கடித்துக் கிழித்தாள். அவள் தலை என் நெஞ்சுக்கு நேரே குனிந்திருந்தது, தொப்பிக்குக் கீழே வியர்வை வழிந்து கழுத்தில் இறங்கியது. அந்தக் கன்னம் என் கைக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அவள் விடவில்லை. "இந்த விரல் தள்ளுது டீச்சர். அதான் பால் வலது பக்கம் போகுது. இப்பத் தள்ள முடியாது. எறிஞ்சு பாருங்க, டேப்போட எறிஞ்சாலும் மார்க் உண்டு." சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். கையைக் கட்டிவிட்டாள். அறைந்த கையைக் கட்டாமல் மற்ற கையைக் கட்டியிருக்கிறாள் என்று தோன்றியது. உடனே, ச்சீ, என்ன புத்தி இது என்றும் தோன்றியது.

எறிந்தேன். எட்டவில்லை, காற்றில் போய் வெறுமனே விழுந்தது. யாரோ சிரித்தார்கள். விரல் இல்லாமல் பலம் இல்லை, பார்த்தாயா, எனக்குத் தெரியும் என்று அவளை முறைத்தேன். "காலுல இருந்து பலம் எடுங்க டீச்சர், பதினஞ்சு வயசு இல்ல உங்களுக்கு, பலம் இருக்கு" என்றாள். அடுத்ததற்கு முட்டி வலியைப் பொறுத்துக்கொண்டு முழுக்க மடக்கி எழுந்தேன். பந்து போய் ரிங்கின் இடது ஓரத்தில் பட்டது. நச்சென்று, நான் எங்கே பார்த்தேனோ அங்கே. திரும்பவும் எறிந்தேன், அதே இடத்தில் பட்டது, ஒரு நூல் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இல்லை. ஆயுசில் என் பந்து நான் பார்த்த இடத்துக்குப் போனதில்லை. பேச்சி கேட்டாள், "டீச்சர், நீங்க எங்க பாக்குறீங்க?" ரிங்கைத்தான் என்றேன். "ரிங்குல எங்க?" அவளுக்குத் தெரியும். நாலு வருஷம் நான்தானே அவள் காதில் ஓதினேன். தெரிந்துகொண்டே கேட்கிறாள். இல்லை, எல்லாரிடமும் கேட்கிற மாதிரித்தான் கேட்கிறாள். "நடுவப் பாருங்க டீச்சர்," என்றாள், "விரல் தள்ளலன்னா நடுவப் பாத்தாப் போதும்."

நடுவைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. கண் தானாக இடது பக்கம் நழுவுகிறது, இழுத்துக்கொண்டுவந்து வைத்தால் திரும்ப நழுவுகிறது. முப்பத்தேழு வருஷப் பழக்கம். வளையத்துக்கு நடுவில் எதுவுமே இல்லை, வெறும் ஓட்டை, அதன் வழியே வெள்ளை வானம். அங்கே பார்த்து எறி என்றால் எதைப் பார்ப்பது? அந்தப் பிள்ளை அன்றைக்குப் பார்த்தாள். பதினைந்து வயதில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், நான் கத்தக் கத்த, இதைப் பார்த்தாள். அவளாகவே பார்த்தாள். எறிந்தேன். ரிங்கிலே படாமல் வலையை உரசிக்கொண்டு இறங்கியது. அந்தச் சத்தம் எனக்கு வந்ததே இல்லை, என் பந்து எப்போதும் எதிலாவது இடித்துக்கொண்டுதான் உள்ளே போகும். கை தட்டினார்கள். எனக்குச் சந்தோஷம் துளிக்கூட இல்லை. அவள் சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறாள். தப்பு நடந்தது கண்ணில் இல்லை, விரலில். அந்த விரலை அவள் கையில் வைத்தவள் நான். நெம்பு, இடது கையையும் கொடு, கட்டைவிரலால் தள்ளு என்று பதினோரு வயதில் அவள் கையைப் பிடித்துப் பந்தின் மேல் வைத்துக் காட்டினேன். என் கை எனக்குச் செய்த பிழையை அவள் கைக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு அவள் கன்னத்தில் அறைந்திருக்கிறேன். இருபத்துநான்கு வருஷம், வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். விழாத பந்துக்குத் தண்டனை என்று எத்தனை பேரை வெயிலில் ஓட விட்டேன். சிவப்புப் பொட்டு வேறு. ஒன்பதாவதும் உள்ளே போனது, பத்தாவதும்.

"ஃபார்ம் நல்லா வந்துருச்சு டீச்சர், கடைசி மூணும் முழு மார்க்கு. நீங்க பாஸ்தான்" என்றாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். மேசைக்கு வந்தோம். எனக்குப் பின்னால் நின்றவர் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார், மரியதாஸ் சார் மேசை ஓரத்தில் தன் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே நிற்கிறார். பேச்சி தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். "பிள்ளை பேரு வேண்டாம் டீச்சர். குறை மட்டும் சொல்லுங்க." சண்முகப்பிரியா, டிரிபிளிங், தரையைப் பார்ப்பாள். வாயைத் திறந்தேன். "ஃப்ரீ த்ரோ வலது பக்கம் போகும்" என்றேன். அவள் நிமிரவில்லை. எழுதினாள். "அதுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?" பந்து தட்டுகிற சத்தம் மண்டைக்குள் கேட்கிறது. "அறைஞ்சேன்." மரியதாஸ் சார் சிரித்துவிட்டு, நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பேச்சியின் பேனா கொஞ்ச நேரம் கட்டத்துக்கு மேலே நின்றது. பிறகு எழுதினாள். "காரணம்?" என்று கேட்டாள். "என் கட்டைவிரல்" என்றேன். அதையும் எழுதி, படிவத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள்.

வாசித்தேன். குறை, சரியாக இருந்தது. காரணம், நான் சொன்னபடியே. நடுக் கட்டத்தில் மட்டும், அழகான கையெழுத்தில், 'கூடுதல் பயிற்சி கொடுக்கப்பட்டது' என்று எழுதியிருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. யார் கேட்டார்கள் இவளிடம் தயவை? மூன்று நாளாகத் தண்ணீர், நாற்காலி, கூட்டு நல்லாயிருக்கா, இப்போது இது. என்னை மன்னித்துவிட்டேன் என்று படிவத்தில் எழுதிக் கழகத்துக்கு அனுப்பப் போகிறாளா? பேனாவை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். அந்த வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, மேலே 'அறைந்தேன்' என்று எழுதினேன். "டீச்சர், வேணாம், இது மேல போகும். பாத்தா உங்களப் பெஞ்சுல உக்கார விட மாட்டாங்க" என்றாள். "போகட்டும்" என்றேன். கையெழுத்துப் போட்டேன். டேப் சுற்றிய கையால் தாளை அமுக்கிக்கொண்டு போட்டதில் கையெழுத்து கோணலாக வந்தது. படிவத்தை அவள் பக்கம் தள்ளினேன். எடுத்துக்கொண்டு போவாள் என்று பார்த்தால், அவள் அந்த ஒரு வார்த்தையையே வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். இந்த மூன்று நாளில் அப்படிப் பார்க்கவில்லை.

"ஒண்ணு இல்ல டீச்சர்," என்றாள். "ரெண்டு. விழாத பாலுக்கு ஒண்ணொண்ணா, இந்தக் கன்னத்துல ஒண்ணு, இந்தக் கன்னத்துல ஒண்ணு."

பன்னிரண்டு வருஷமாக ஒன்று என்றே வைத்திருந்தேன். பேனா இன்னும் என் கையில்தான் இருந்தது. படிவத்தைத் திரும்ப என் பக்கம் இழுத்து, அந்த வார்த்தைக்கு முன்னால் இடம் பார்த்து, 'இரண்டு முறை' என்று எழுதினேன்.